சுட்டியிடம் வந்த நாற்றம்: காரணம் தெரிய 9 நாள் ஆனது

எங்கள் நாய் சுட்டிக்கு 6 வயது, 18 கிலோ எடை. குட்டியாக வந்த நாளிலிருந்து என் கால்மாட்டில்தான் தூங்குகிறான். அவனுடைய வாசனைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. வெயிலில் படுத்துவிட்டு வந்தால் ஒன்று, நனைந்தால் ஒன்று, பாதத்தில் எப்போதும் இருக்கும் வறுத்த தானியம் போன்ற மெல்லிய வாசனை ஒன்று. அதனால்தான் ஒரு மாலை அவன் வந்து மடியில் தலை வைத்தபோது எழுந்த நாற்றம் அவனுடையது இல்லை என்று உடனே தெரிந்தது. இறைச்சி அழுகினால் வருமே, அந்த மாதிரி. முந்தின நாள் இரவு வரை அது இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த உறுதிதான் கடைசியில் உதவியது.

முதல் நாள் நான் நினைத்தது, வெளியே எதிலோ புரண்டுவிட்டு வந்திருக்கிறான் என்று. நாய்கள் செத்த எலி, அழுகின மீன் எது கிடைத்தாலும் கழுத்தைத் தேய்த்துப் புரளும். சரி என்று நாய்களுக்கான ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். மறுநாள் காலை நாற்றம் அப்படியே இருந்தது. மறுபடியும் குளிப்பாட்டினேன்.

இந்த இரண்டு குளியலும் தேவையில்லாதவை. நாற்றம் எங்கே பிறக்கிறது என்று தெரிவதற்கு முன்னால் குளிப்பாட்டினால், உடம்பில் பட்டிருக்கும் தடயமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். நனைந்த முடிக்கு வேறு தனி வாடை உண்டு. நாயின் தோலிலும் முடியிலும் வாழும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் உண்டாக்கும் பொருட்கள், தண்ணீர் பட்டதும் ஆவியோடு சேர்ந்து மேலே கிளம்புகின்றன. முடி முழுக்கக் காயும்வரை எந்த வாடை எதிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை. அப்படி அரை நாள் வீணானது.

என் மூக்கும் என்னை ஏமாற்றியது. அவனோடு பத்து நிமிடம் ஒரே அறையில் இருந்தால் நாற்றம் குறைந்துவிட்டது போலத் தோன்றும். "பரவாயில்லை, போய்க்கொண்டிருக்கிறது" என்று நினைப்பேன். பள்ளியிலிருந்து வரும் மகள் வாசலிலேயே நின்று, "அம்மா, இன்னும் அப்படியேதான் இருக்கு" என்பாள். ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். அன்றிலிருந்து, முகர்ந்து பார்ப்பதற்கு முன்னால் வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவேன். முடிந்தவரை மகளையே முகரச் சொல்வேன்.

மூன்றாம் நாள் காதில் தொடங்கினேன். தொங்கும் காது உள்ள நாய்களுக்குக் காதில் காற்றோட்டம் குறைவு. ஈஸ்ட் பெருகினால் புளித்த மாவு மாதிரி வாடை வரும், பழுப்பு அழுக்கும் சேரும். இரண்டு காதையும் மடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக வளைந்து போகிறது; வெளியிலிருந்து முழுவதையும் பார்க்க முடியாது. பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும் என்பதால் அதைத் தொடவில்லை. ஆனால் உள்ளே கோளாறு இருந்தால் வாடை வெளியே வந்தே தீரும். இரண்டு காதிலும் ஒன்றும் இல்லை. அவன் தலையை உதறவும் இல்லை, காதைச் சொறியவும் இல்லை.

விரல் இடுக்கு, அக்குள், வாலடி எல்லாம் பார்த்தேன். புண் இல்லை, பிசுபிசுப்பு இல்லை. படுக்கை விரிப்பைத் துவைத்தேன். அப்புறம்தான் கழுத்துப் பட்டை நினைவுக்கு வந்தது. துணிப் பட்டை, குளிப்பாட்டும்போது கழற்றி ஓரமாக வைத்ததோடு சரி. முகர்ந்தால் குடலைப் புரட்டியது. ஆனால் பிடரிப் பக்கம் நாற்றம் இல்லை, தொண்டைப் பக்கம் மட்டும்தான். அது கையில் கிடைத்த முதல் உண்மையான துப்பு. நான் அதைப் புரிந்துகொள்ளாமல், துவைத்துக் காயப்போட்டுவிட்டேன்.

நான்காம் நாள் சுட்டி ஒருமுறை பின்பக்கத்தை நக்கினான். ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் நாய்களுக்குச் சிறு பைகள் உண்டு. கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய 4, 8 எண்கள் இருக்கும் இடம். சாதாரணமாக மலம் கழிக்கும்போது அதிலுள்ள திரவம் வெளியேறிவிடும். வெளியேறாமல் தேங்கினால் கடுமையான கவிச்சி வாடை வரும். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகரும். சுட்டி அப்படித் தேய்க்கவில்லை. ஆனாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த டாக்டர் பைகளை அழுத்திப் பார்த்தார். உண்மையிலேயே நிறைந்துதான் இருந்தன. கெட்டியான பழுப்புத் திரவம் வந்தது, அறையே நாறியது. "இதுதான், சரியாகிவிடும்" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த அறையில் அடித்த வாடை மீனும் இரும்பும் கலந்த மாதிரி இருந்தது. வீட்டில் நான் முகர்ந்தது அழுகல். இரண்டும் வேறு என்று அந்த நேரத்திலேயே மனதுக்குப் பட்டது. நிம்மதி வேண்டியிருந்ததால் அதைப் பேசாமல் விட்டேன். "வேறு ஏதாவது கவனித்தீர்களா?" என்று கேட்டபோதும் இல்லை என்றேன். கழுத்துப் பட்டையைப் பற்றிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து பார்த்திருப்பாரோ என்னவோ.

மறுநாள் மாலை அதே நாற்றம், முன்பைவிடக் கடுமையாக.

அதன்பின் இரண்டு இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. சிறுநீரகம் கெட்டால் வாயில் சிறுநீர் நெடி வரும், சர்க்கரை நோய் முற்றினால் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல ஒரு நெடி வரும் என்று தெரியும். இருட்டில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்தேன். சும்மா பயப்படுவதைவிட அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு நாள் முழுக்க அவன் கிண்ணத்தில் அளந்துதான் தண்ணீர் ஊற்றினேன். மிச்சத்தைக் கழித்தால் 900 மில்லிக்குப் பக்கம் குடித்திருந்தான். கிலோவுக்கு 50 மில்லி. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால்தான் அளவுக்கு மீறிய தாகம் என்று கணக்கு. எடையும் குறையவில்லை. இது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது, ஆனால் அன்று இரவு என்னைத் தூங்க வைத்தது.

ஏழாம் நாள் மகள் ஒரு யோசனை சொன்னாள். "நேரா அவனை முகர்ந்தா எல்லாம் கலந்துதான் வருது. தனித்தனியா எடுத்துப் பார்க்கலாமா?" சுத்தமான பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்தோம். வலது காது மடல், இடது காது மடல், முதுகு, முன்பாதம், பின்பாதம், வாலடி, மோவாய், உதட்டின் உட்புறம் என்று ஒவ்வோர் இடத்தையும் தனிப் பஞ்சால் துடைத்தோம். ஒவ்வொன்றையும் மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, அடியில் எண் எழுதினோம். எந்த எண் எந்த இடம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மகள் வெளியே போய்க் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தாள்.

மூன்று டப்பாவைத் தள்ளி வைத்தாள். உதடு, மோவாய், முன்பாதம். பின்பாதத்தில் இல்லை. வாலடியிலும் இல்லை.

அந்த மூன்றையும் பார்த்ததும் கழுத்துப் பட்டையின் தொண்டைப் பக்கம் நினைவுக்கு வந்தது. எச்சில். வாயிலிருந்து வழிந்து மோவாய், மோவாயிலிருந்து பட்டை. தலையை வைத்துத் தூங்கும் முன்பாதம். அவன் மடியில் தலை வைத்தபோது நாறியதும் அதனால்தான். எத்தனை முறை குளிப்பாட்டினாலும் சில மணி நேரத்தில் திரும்பி வந்ததும் அதனால்தான்.

உடனே உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல் எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஈறு வெளிர் சிவப்பு. ஆடும் பல் இல்லை, வீக்கம் இல்லை. உதட்டு மடிப்பிலும் புண் இல்லை. மறுபடியும் குழப்பம். வாயை அகலத் திறக்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னிடம் அவன் அப்படிச் செய்ததே இல்லை. வலுக்கட்டாயமாகத் திறக்க மனம் வரவில்லை. வலியில் இருக்கும் நாய் எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் கடித்துவிடும்.

எட்டாம் நாள் அவனை வெறுமனே உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. சாப்பாட்டை விடவில்லை, ஆனால் மெல்லாமல் விழுங்குகிறான். ரப்பர் பந்தைக் கவ்வி உடனே கீழே போடுகிறான். நாக்கை மேல்பக்கமாகத் துழாவிக்கொண்டே இருக்கிறான். இரண்டு முறை முன்காலால் மூக்கோரத்தைத் தேய்த்தான். ஒரு வாரமாக என் கண்முன்னால் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான். நாற்றத்தைத் தேடிக்கொண்டிருந்த நான் நாயைப் பார்க்கவில்லை. எழுதும்போதும் மனது வலிக்கிறது.

ஒன்பதாம் நாள் வேறொரு டாக்டரிடம் போனோம். இந்த முறை நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எந்த நாளில் தொடங்கியது, பட்டையின் எந்தப் பக்கம், எந்த மூன்று டப்பா, பந்து, நாக்கு. அவர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானதா, ஒரே நாளில் வந்ததா?" ஒரே நாளில் என்றேன். பல்லில் காறை படிந்து வரும் நாற்றம் மாதக்கணக்கில் மெதுவாக ஏறும். ஒரே நாளில் வருவது வேறு விஷயம் என்றார். அப்புறம், "குச்சி கடிப்பானா?" என்று கேட்டார்.

கடிப்பான். தினமும் நான்தான் குச்சி எறிந்து விளையாட்டுக் காட்டுவேன்.

அவன் வாயைத் திறக்க விடாததால் லேசான மயக்க ஊசி போட வேண்டியிருந்தது. கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று கேட்டார். வாயைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணி அன்று காலை நான் எதுவும் கொடுத்திருக்கவில்லை. காத்திருக்காமல் அப்போதே பார்க்க முடிந்தது. ஊசி வேலை செய்ததும் வாயை அகலத் திறந்து, விளக்கை மேல்பக்கமாகக் காட்டி, என்னைக் கூப்பிட்டார். மேல் அண்ணத்தில், இடது பக்கத்துப் பெரிய கடைவாய்ப் பல்லுக்கும் வலது பக்கத்துப் பெரிய கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, பாலம் போட்ட மாதிரி ஒரு குச்சித்துண்டு குறுக்கே சிக்கியிருந்தது. ஊறிக் கறுத்துப்போய் அண்ணத்தோடு அண்ணமாக ஒட்டியிருந்தது. காட்டாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எச்சிலில் ஊறிய மரம், அதில் சிக்கிய சாப்பாட்டுத் துணுக்கு, அடியில் புண்ணாகிப்போன சதை. எல்லாம் சேர்ந்துதான் அந்த அழுகல் நாற்றம்.

இடுக்கியால் ஒரு பக்கமாகத் தள்ளி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விரல் அகலத்துக்கு மூன்று மடங்கு நீளம். அது இருந்த இடத்தில் சிவந்த பள்ளமாக ஒரு கோடு. மரச்சிலும்பு மிச்சம் இருக்கிறதா என்று நன்றாகத் தேடினார். அண்ணத்தில் துளை விழுந்து மூக்குவரை போயிருக்கிறதா என்றும் பார்த்தார்; போகவில்லை. குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்துத் தண்ணீரால் கழுவிவிட்டார். கடித்து மெல்லும் பொம்மைகள் வேண்டாம், மென்மையான உணவு மட்டும் கொடுங்கள், ஒரு வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள் என்றார்.

எல்லோரும் உதட்டைத் தூக்கிப் பல்லின் வெளிப்பக்கத்தைப் பார்ப்பார்கள், மேலே பார்க்க மாட்டார்கள் என்று அவர் சொன்னபோது நான் தலையசைத்தேன். பற்களை எண்ணி எண்ணிப் பார்த்தவள் நான். வளர்ந்த நாய்க்கு 42 பல். அத்தனையும் சுத்தம். குச்சி எந்தப் பல்லிலும் இல்லை, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருந்தது.

அன்று மாலை மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்ததும் சுட்டி நிறையத் தண்ணீர் குடித்தான். நாக்கால் அண்ணத்தைத் துழாவுவது இரண்டு நாளில் நின்றது. நாற்றம் மறுநாள் காலையிலேயே பெரும்பாலும் போய்விட்டது. படுக்கையையும் பட்டையையும் இன்னொரு முறை துவைத்தபின் முழுவதும் போனது. ஒரு வாரம் கழித்துக் காட்டியபோது அந்தக் கோடு வெளிறிப்போயிருந்தது.

குச்சி எறிவதை அடியோடு விட்டுவிட்டேன். இப்போது முறுக்கின கயிறும் ரப்பர் வளையமும்தான். புண் ஆறிய பிறகு, தினமும் ஒரு நொடி வாயைத் திறக்கச் சொல்லி, திறந்ததும் பாராட்டி, மெல்ல மெல்லப் பழக்கினேன். ஒரு மாதத்தில் டார்ச் அடித்து மேல் அண்ணத்தைப் பார்க்கும்வரை பொறுமையாக வாயைத் திறந்துகொண்டு இருக்கப் பழகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்ப்போம். டார்ச் பிடிப்பது மகள். பார்த்து முடித்ததும் அவன் தலை உச்சியை அவள் ஒருமுறை முகர்ந்துவிட்டு, "இவன் வாசனைதான்" என்பாள்.