கோஸ்லாரில் கிடைத்த செப்புக் காசு

ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து ரயிலேறி, ஹார்ட்ஸ் மலையடிவாரத்திலுள்ள கோஸ்லாருக்கு நான் போனது ரம்மல்ஸ்பெர்க் சுரங்கத்தைப் பார்க்கத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் செம்பும் ஈயமும் வெள்ளியும் தந்த அந்தச் சுரங்கம் 1988இல் மூடப்பட்டு, 1992இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே ஈரச் சுவர்களில் செம்பு உப்பு பச்சையும் நீலமுமாகப் படிந்திருக்கிறது.

அன்று மாலை, பழம்பொருள் கடை ஒன்றில் 18ஆம் நூற்றாண்டின் பிஃபென்னிக் என்ற சிறு செப்புக் காசு ஒன்றை வாங்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஒரு பக்கம் பிரவுன்ஷ்வைக் அரச குலத்தின் பாயும் குதிரை. கால்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. மறுபக்கம் ‘ஒரு பிஃபென்னிக், ஷைடெ முன்ட்ஸ்’ என்ற எழுத்தும் ஆண்டும். ஆண்டின் கடைசி இலக்கம் அழிந்துவிட்டது.

அந்த ‘ஷைடெ’ என்ற சொல்லில்தான் என் மனம் நின்றது. பிரிதல் என்பது அதன் பொருள்; ‘முன்ட்ஸ்’ என்றால் காசு. வாங்குபவரும் விற்பவரும் சல்லிக்காசு பாக்கியில்லாமல் கணக்குத் தீர்த்துப் பிரிய உதவும் சில்லறை என்று விளக்கம் சொல்கிறார்கள். தாலர் என்ற பெரிய வெள்ளி நாணயம் ஒன்றுக்கு 288 பிஃபென்னிக். வெள்ளித் தாலரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேளை ரொட்டி வாங்க முடியாது என்பதால், ஏழைகளின் அன்றாடம் முழுவதும் இந்தச் செம்பிலேயே நடந்தது. ரொட்டிக்கடையில் பல நகரங்கள் வைத்திருந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது: தானிய விலை ஏறினாலும் ஒரு காசு ரொட்டியின் விலை ஏறாது, ரொட்டிதான் சிறுத்துப்போகும், அதற்குரிய எடையை நகர நிர்வாகமே நிர்ணயித்தது. அதற்கும் கீழே உடைக்கச் சில்லறை ஏறக்குறைய இல்லாதபோது வேறு வழி என்ன?

ஆனால் செம்பின் மீது மக்களுக்கு அச்சமும் இருந்தது. 1619 முதல் 1623 வரை, முப்பதாண்டுப் போரின் தொடக்கத்தில், ஆள்வோரே வெள்ளிக் காசில் செம்பை மேலும் மேலும் கலந்து, கடைசியில் வெள்ளி பூசிய செம்பையே காசாக வெளியிட்டு, கூலிக்காரர்களின் வயிற்றில் அடித்தார்கள். மக்டெபுர்க் நகரில் 1622இல் கலவரமே மூண்டது. என் கையிலிருந்த காசு அப்படிப்பட்டதல்ல. செம்பு என்று வெளிப்படையாகவே சொல்லி, சில்லறை என்று தன் மீதே எழுதிக்கொண்டு வந்த காசு அது. கடைக்காரர் அதைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். ரயிலில் திரும்பும்போது இருமுறை பிரித்துப் பார்த்தேன்.