நீச்சல்குளத்து ஓரத்தில் படித்த நாவல்

ஜூலை 6, 2024, சனி

பையனுக்கு நீச்சல் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து எல் பாசோவில் ஜூலை மாதம் என்றால் காலை பத்து மணிக்கே சிமெண்டுத் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. நிழலாக ஓரிடம் பார்த்து உட்கார்ந்து, நூலகத்தில் எடுத்துவந்த நாவலைத் திறந்தேன். 'அரிஸ்டாட்டில் அண்ட் டான்டே டிஸ்கவர் த சீக்ரெட்ஸ் ஆஃப் த யுனிவர்ஸ்'. பெஞ்சமின் அலிரே சாயென்ஸ் எழுதி 2012இல் வந்தது. இங்கே பல்கலைக்கழகத்தில் பல வருடம் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர், இந்த ஊர் ஆசிரியர். ஒன்பது வருடமாக இதே ஊரில் இருக்கிறேன், இப்போதுதான் கையில் எடுக்கிறேன்.

கதை நகரத் தொடங்குவதே நீச்சல்குளத்தில்தான்! 1987 கோடைக்காலம். ஆரி என்கிற பதினைந்து வயதுப் பையன், நீச்சல் தெரியாமல் தண்ணீரில் சும்மா நின்றுகொண்டிருக்கிறான். டான்டே என்று இன்னொரு பையன் வந்து, வேணும்னா நான் சொல்லித்தரட்டுமா என்று கேட்கிறான். அவ்வளவுதான் ஆரம்பம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே என் பையன், அவனுக்கும் பதினைந்து வயதுதான், பலகையைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு மணி நேரத்தில் அறுபது பக்கம் போயிருந்தது. அத்தியாயங்கள் ரொம்பச் சின்னவை, சில ஒன்றரைப் பக்கம்தான். பேச்சும் அப்படித்தான், ஒரு வரி, அதற்கு ஒரு வரி பதில்.

ஜூலை 9, செவ்வாய்

இதைப் பாலைவனத்துச் சின்ன ஊர் ஒன்றில் நடக்கும் காதல் கதை என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். எல் பாசோ மக்கள்தொகையில் பெரிய ஊர்தான். ஆனால் அந்தப் பையன்கள் வாழ்வது சின்ன ஊர் வாழ்க்கை. நடந்துபோகிற தெரு, ஒரு நாய், ஒரு பூங்கா, தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள், யார் பிள்ளை யாரோடு சுற்றுகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோவின் ஹுவாரஸ். ஊருக்கு நடுவில் பிராங்க்ளின் மலைத்தொடர், மரமே இல்லாத மொட்டை மலை. மற்றபடி நாலா பக்கமும் சிஹுவாஹுவா பாலைவனம்.

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம். இங்கே வந்த புதிதில் சாலையோரம் ஒரு முள்மரத்தைப் பார்த்துவிட்டு, அட இது நம்ம சீமைக்கருவேலம் என்று கத்தியே விட்டேன். மெஸ்கீட் என்கிறார்கள். நம் ஊர் சீமைக்கருவேலமும் இந்தக் கண்டத்திலிருந்து வந்த மரம்தான், இரண்டும் நெருங்கிய சொந்தம். மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில் பிறந்ததால்தானோ என்னவோ, இந்த நாவலில் மழை வரும் இடங்கள் எனக்கு அடிவயிற்றில் இறங்குகின்றன. டான்டேயின் அப்பா பையன்களை நகரத்து வெளிச்சத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறார், தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்க. இங்கே இருட்டு அப்படியே கிடைக்கும். கொஞ்ச தூரம் காரை ஓட்டினால் போதும்.

ஜூலை 11, வியாழன்

விபத்து வரும் பகுதியைப் படித்துவிட்டு வகுப்பு முடிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, பையன் தலை துவட்டிக்கொண்டு வந்து முன்னால் நிற்கிறான். ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்த தெருவில் சிறகு உடைந்த பறவை ஒன்றைப் பார்த்து டான்டே அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுகிறான். கார் வருவதை அவன் பார்க்கவில்லை. ஆரி பாய்ந்து அவனைத் தள்ளிவிட, சக்கரம் ஆரியின் கால்களில் ஏறிவிடுகிறது. இரண்டு காலும் முறிந்து, கையிலும் கட்டு. அதற்கப்புறம் யாராவது நன்றி என்று சொன்னாலே ஆரிக்குக் கோபம் வருகிறது. அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று சட்டமே போடுகிறான். தான் ஏன் பாய்ந்தோம் என்று யோசிக்க அவனுக்கு அவ்வளவு பயம்.

ஆசிரியர் பையனின் உடம்பைக் கொண்டு அவன் மனசைச் சொல்லிவிடுகிறார். மனசு ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு வருடம் ஆகும், அதற்குள் கால் முந்திக்கொண்டது.

பையனிடம் நாவலைக் காட்டினேன். "எங்க ஸ்கூல்ல நிறைய பேர் படிச்சிருக்காங்கம்மா" என்றான், சாதாரணமாக. கதையில் டான்டே மெக்ஸிகோ வம்சாவளி, ஆனால் அவனுக்கு ஸ்பானிஷ் அரைகுறை. தான் மெக்ஸிகோக்காரன்தானா என்றே அவனுக்குச் சந்தேகம். இப்படி மொழி நழுவிப்போன பிள்ளைகளை இங்கே போச்சோ என்பார்கள். அந்தப் பக்கத்தைத் தமிழில் பையனுக்கு விளக்கினேன், பாதி புரிந்தது என்றான். அவன் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. பாட்டியிடம் போனில் பேசும்போது வருமே, அதே முகம்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று படிக்கவில்லை. சமைத்து வைத்துவிட்டு 1987ஐப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

டெக்ஸஸில் அப்போது ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம். 1973இல் எழுதிய குற்றவியல் சட்டத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு, 200 டாலர் வரை அபராதம். இந்தக் கதை தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்புதான், 1986 ஜூனில், இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஹூஸ்டனில் இரண்டு பேரை வீட்டுப் படுக்கையறைக்குள்ளேயே கைது செய்த வழக்கு மேலே போய், 2003 ஜூன் 26இல்தான் அது மாறியது. ஆரியும் டான்டேயும் நிஜ மனிதர்களாக இருந்திருந்தால் அன்றைக்கு அவர்களுக்கு முப்பத்தோரு வயது ஆகியிருக்கும்.

அந்த வருடங்களில் எய்ட்ஸ் நோயில் இளைஞர்கள் சாரிசாரியாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நாவல் அதைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. இது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. 2021இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆசிரியரே அதைக் கையில் எடுக்கிறார், அதையும் நூலகத்தில் பதிந்து வைத்திருக்கிறேன். இன்னொரு குறையும் உண்டு. ஆரியின் அண்ணன் சிறையில் இருக்கிறான், வீட்டில் அவன் போட்டோகூட இல்லை. ஏன் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. பாலியல் தொழில் செய்த ஒரு திருநங்கையை அவன் அடித்தே கொன்றிருக்கிறான். அதை அறிந்து ஆரி கலங்குகிற அளவுக்குக்கூட, செத்துப்போன அந்த ஜீவனுக்கு நாவலில் இடமில்லை. அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், தேடுகிற ஆள் இருந்திருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

டான்டேயின் குடும்பம் சிகாகோவுக்குப் போய்விட்டது. கடிதம் கடிதமாக எழுதுகிறான். எனக்குப் பையன்களை முத்தமிடத்தான் பிடிக்கிறது என்று எழுதிவிடுகிறான், தண்ணீர் குடித்தேன் என்று சொல்வதுபோல. அவனுடைய கவலையெல்லாம் அப்பா அம்மாவுக்கு ஏமாற்றமாகிவிடுமே என்பதுதான்.

சாயென்ஸ் இதை எழுதியபோது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நியூ மெக்ஸிகோவில், இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், 1954இல் பிறந்தவர். பாதிரியாராகச் சில வருடம் இருந்து, அதை விட்டு வந்து, திருமணமும் செய்து, அதுவும் முறிந்து, ஐம்பது தாண்டியபிறகுதான் தான் யார் என்று வெளியே சொன்னார். இதெல்லாம் தெரிந்தபிறகு அந்தக் கடிதங்களை இன்னொரு தரம் படித்தேன். பதினாறு வயதில் தான் யாருக்கும் எழுத முடியாத கடிதத்தை ஒரு மனிதர் இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றுதான் தோன்றியது.

ஜூலை 20, சனி

ஒஃபீலியா அத்தை. இந்த அத்தையைப் பற்றி எழுதத்தான் இந்தக் குறிப்பையே ஆரம்பித்தேனோ என்று இப்போது படுகிறது. உண்மையில் ஆரிக்கு அவர் பெரியம்மாவா சித்தியா என்பதெல்லாம் ஆங்கிலத்தில் தெரியாது, நானாக அத்தை என்று வைத்துக்கொண்டேன்.

டூசான் நகரத்தில் இருக்கிறார், அதுவும் பாலைவனம்தான். ஆரியிடம் அவ்வளவு பிரியம். திடீரென்று இறந்துவிடுகிறார். அடக்கத்துக்குப் போனால் சொந்தக்காரர்களில் இவர்கள் மட்டும்தான். ஏன் யாருமே வரவில்லை என்று ஆரி கேட்க, அவன் அம்மா சொல்கிறாள்: அத்தை பல வருடம் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்தினாள், அதனால்தான். வீட்டை ஆரி பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த இடத்தில் மூடி வைத்துவிட்டேன். பையன் தண்ணீரில் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டு கையாட்டுகிறான், எனக்குக் கண் மறைக்கிறது.

2018 செப்டம்பர் 6. வயது வந்த ஆணும் ஆணும் விரும்பி உறவு கொள்வது இனிக் குற்றமில்லை என்று, முந்நூற்று எழுபத்தேழாம் பிரிவைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள். அன்றைக்குத் தம்பி சென்னையிலிருந்து கூப்பிட்டான். அங்கே ராத்திரி, எனக்கு இங்கே காலை, வேலைக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். "அக்கா, இன்னைக்கு நியூஸ் பாத்தியா? அது என்னையும் பத்தினதுதான்" என்றான். நான் என்ன சொன்னேன்? "இப்ப வேலைல இருக்கேன், அப்புறம் பேசலாம்டா." வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னேன்: "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

அந்த அப்புறம் ஆறு வருடமாக வரவே இல்லை. வாரா வாரம் பேசுகிறோம். சாப்பிட்டியா, மழை உண்டா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, எல்லாம் பேசுகிறோம். நான் அவனைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தேன். எங்களிடம் அதைப் பேச வார்த்தை இல்லை என்பதும் உண்மைதான், ஊரில் நாங்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் வசவு. தன்பாலீர்ப்பு என்ற சொல்லை நானே போன வருடம்தான் ஒரு கட்டுரையில் பார்த்தேன். ஆனால் எப்படி இருக்கடா, யாராவது இருக்காங்களா உனக்கு என்று கேட்பதற்குப் புதுச் சொல் எதுவும் வேண்டியதில்லையே.

அடக்கத்துக்கு வராத சொந்தக்காரர்களுக்கு நாவலில் முகம் கிடையாது. அதில் ஒருத்தி நான்.

ஜூலை 23, செவ்வாய்

முடித்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணி ஆயிற்று.

கடைசியில் ஆரியின் அப்பா அம்மா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அப்பா வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர், இத்தனை வருடம் வாயே திறக்காதவர். முதல்முறையாக அவர் போரைப் பற்றிச் சொல்கிறார், விட்டுவிட்டு வந்த தோழனைப் பற்றி. பிறகு மகனிடம், நீ டான்டேயைக் காதலிக்கிறாய் என்று அவரே சொல்கிறார். உன்னையே வெறுத்துக்கொண்டு நீ தனியாக அலைவதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்கிற மாதிரி. ஒரு பையனின் மனசை அவனுக்கு முன்னால் பெற்றோர் அறிவிக்கலாமா, அதை அவனே அல்லவா கண்டுபிடிக்க வேண்டும் என்று சிலருக்குப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. டான்டே ஒரு பையனோடு முத்தமிட்டதற்காகச் சந்துக்குள் அடித்துப் போட்டுப் போயிருக்கிறார்கள், மருத்துவமனையில் கிடக்கிறான், ஆரி அடித்தவனைத் தேடிப் போய் மூக்கை உடைத்துவிட்டு வந்து ஊமையாக உட்கார்ந்திருக்கிறான். அந்த வீட்டில் மூத்தவனைப் பற்றிப் பேசாமல் இருந்தே ஒரு பிள்ளையை இழந்தாயிற்று. பெரியவர்கள் வேறு எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

அதற்கப்புறம் லாரி மாதிரியான அந்தச் சிவப்புப் பழைய வண்டி, பாலைவனம், இரவு. அதை எழுதமாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 24, புதன்

இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மறுநாள் காலை எட்டரை. கூப்பிட்டேன். நாலு நாளாக மனசுக்குள் பேசிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "டேய், அன்னிக்கு நீ ஒண்ணு சொன்ன, நான் அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டு அப்படியே விட்டுட்டேன். அது தப்புடா. எனக்குக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

பின்னால் ஒரே இரைச்சல். அவன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "ட்ரெயின்ல இருக்கேன்க்கா. ஒரே கூட்டம். அப்புறம் பேசட்டுமா?" என்றான். குரல் கம்மியிருந்தது.

சரிப்பா என்றேன். வேறு என்ன சொல்ல? எப்போது பேசுவது என்பது இனி அவன் இஷ்டம்.

ஜூலை 27, சனி

நேற்று ராத்திரி மழை. பெரிய மழை இல்லை, முக்கால் மணி நேரம். வருடத்துக்கே ஒன்பது அங்குலம் பெய்கிற ஊரில் அதுவே திருவிழா. காலையில் ஊர் முழுக்கக் கிரியசோட் செடியின் வாசனை, நனைந்த இலையிலிருந்து வருவது, தார் மாதிரியும் பச்சிலை மாதிரியும். இங்கே பிறந்தவர்கள் மழை வாசனை என்றால் இதைத்தான் சொல்வார்கள். இடி இடித்ததால் குளத்தை மூடிவிட்டார்கள் என்று பையனுக்கு வருத்தம்.

எழுந்து பார்த்தால் தம்பி ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். பதினோரு நிமிடம். வீட்டுக்குப் பின்னால், ஈரம் காயாத படியில் உட்கார்ந்து கேட்டேன். அதில் இருப்பதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவனுடையது. இவ்வளவாவது எழுதலாமா என்று கேட்டதற்கு, பேர் போடாம எழுதிக்கோ என்றான். அம்மாவிடம் எப்போது, எப்படி என்பதையும் அவனே பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறான்.

பதிவில் ஒரு பேர் வருகிறது. நாலு வருடமாக அவனோடு இருக்கிறவரின் பேர். கேட்டு முடித்து, பேர் சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்க்க, அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் கேட்டேன்.