முகத்துக்கும் மோதிரத்துக்கும் ஒரே லென்ஸ்

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ் மவுண்டுக்கு (எக்ஸ் வரிசைக் கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் வாய்க்கு) வெளி நிறுவன லென்ஸ்களுக்குக் குறைவில்லை. 2020-ல் டோகினா, 2021-ல் டாம்ரான், 2022-ல் சிக்மா என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எஃப்/1.4 வரை திறக்கும் பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) கிடைக்கிறது, எஃப்/2.8 ஜூம் கிடைக்கிறது. ஆனால் ஆட்டோஃபோகஸோடு முகத்தையும் எடுத்து, லென்ஸைக் கழற்றாமல் அதே ஆளின் விரலில் இருக்கும் மோதிரத்தையும் எடுக்க ஒரு மேக்ரோ போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று கேட்டால், இந்த மூவரிடமும் பதில் இல்லை. அந்த இடத்தில் என்ன லென்ஸ் வர வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். எக்ஸ் பாடிகளின் சென்சார் 23.5 × 15.6 மி.மீ. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, உச்சியிலிருந்து தாடை வரை முகத்தால் ஃபிரேமை நிறைத்தால் உருப்பெருக்கம் ஏறத்தாழ 1:10, அதாவது சென்சாரில் விழும் பிம்பம் நிஜ அளவில் பத்தில் ஒரு பங்கு. 60 எம்எம் குவிய தூரமுள்ள லென்ஸில் இதற்குச் சென்சாரிலிருந்து சுமார் 73 செ.மீ. தூரம் வரும். ஃபியூஜியின் முதல் 56 எம்எம் எஃப்/1.2 லென்ஸ் 70 செ.மீ.க்குக் கீழே ஃபோகஸ் ஆகாது, அதாவது முகம் நிறைந்த இடத்திலேயே அதன் எல்லை முடிகிறது. சிக்மா 56 எம்எம் எஃப்/1.4 இன்னும் கொஞ்சம் நெருங்கும். 50 செ.மீ.யில் 1:7.4. அப்போது ஃபிரேமுக்குள் விழுவது 17 × 11.5 செ.மீ. பரப்பு. ஒரு கண்ணையும் அதன் இமை முடிகளையும் எடுக்கப் போனால், கண் நடுவில் சின்னதாக இருக்கும், மற்றதெல்லாம் கன்னமும் நெற்றியும்தான்.

இதையே 1:2-ல் பாருங்கள். ஃபிரேமில் விழுவது 47 × 31 மி.மீ. ஒரு கண், மேலே புருவம், அவ்வளவுதான். கருவிழியின் விட்டம் சுமார் 12 மி.மீ. என்பதால் சென்சாரில் அது 6 மி.மீ., குறுகிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2 செ.மீ. மோதிரம் அதே பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்கும், சுற்றிலும் விரலின் தோலுக்கு இடமும் மிஞ்சும். 1:1-க்குப் போனால் மோதிரம் குறுகிய பக்கத்தைத் தாண்டிவிடுகிறது. பூச்சியின் கண்ணுக்கும் பூவின் மகரந்தத்துக்கும் 1:1 வேண்டும்தான். ஆளைப் படமெடுப்பவருக்கு இந்த அளவு சென்சாரில், அதாவது ஏபிஎஸ்-சியில், 1:2 தாராளம். 1:1-க்காகக் கொடுக்கும் விலையும் பெரிது: நெருங்க நெருங்க ஒளி குறைகிறது. வழக்கமான கணக்கில் 1:2-ல் ஒரு ஸ்டாப்புக்குச் (ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப்) சற்று மேல், 1:1-ல் முழுதாக இரண்டு ஸ்டாப். லென்ஸின் முனையும் பொருளுக்கு மிக அருகில் போய், தன் நிழலையே அதன் மேல் போட்டுவிடும்.

ஃபியூஜியிடம் 1:2 மேக்ரோ 2012 முதலே இருக்கிறது: எக்ஸ்எஃப் 60 எம்எம் எஃப்/2.4. 215 கிராம்தான், படத்தின் தரத்திலும் குறை சொல்ல எதுவுமில்லை. சிக்கல் ஃபோகஸ் வேகத்தில். 60 எம்எம் லென்ஸை முன்னால் தள்ளி 1:2-க்குக் கொண்டுபோக, அது குவிய தூரத்தில் பாதி, அதாவது 30 மி.மீ. நகர வேண்டும். சாதாரண லென்ஸ் கணக்குப்படி அப்போது சென்சாரிலிருந்து பொருளுக்கு 27 செ.மீ. இந்த லென்ஸின் குறைந்தபட்ச தூரம் 26.7 செ.மீ. என்பதைப் பார்த்தாலே, பழைய முறையில்தான் இயங்குகிறது என்று தெரிகிறது. உள்குழல் கண்ணாடியோடு வெளியே வருகிறது. அவ்வளவு எடையை அவ்வளவு தூரம் நகர்த்தும்போது, வெளிச்சம் மங்கலாக இருந்து ஒருமுறை குறி தப்பினால் முழு நீளத்துக்கும் ஓடித் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்குள் எதிரில் இருப்பவரின் முகபாவம் மாறிவிடும்.

2017-ல் வந்த எக்ஸ்எஃப் 80 எம்எம் எஃப்/2.8 இதற்கு நேரெதிர். 1:1, ஓஐஎஸ் (லென்ஸுக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசர்), வேகமான மோட்டார், எல்லாம் உண்டு. ஆனால் 750 கிராம். முழு ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 120 எம்எம் பார்வை. இடுப்புக்கு மேலே ஒருவரை எடுக்க 2.7 மீட்டர் பின்னால் போக வேண்டும். 60 எம்எம் என்றால் 2 மீட்டர் போதும். அறைக்குள் அந்த 70 செ.மீ. வித்தியாசம் பல நேரம் சுவராகத்தான் நிற்கிறது.

நான் கேட்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பொருளும் இல்லை. 2009-லேயே டாம்ரான் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர்களுக்கு 60 எம்எம் எஃப்/2 மேக்ரோ ஒன்றைச் செய்தது. 1:1 வரை போகும், ஃபோகஸ் செய்யும்போது நீளம் மாறாது, எடை 400 கிராம். அந்தக் காலத்து 60 எம்எம் மேக்ரோக்கள் எஃப்/2.8-ல் நின்றபோது, போர்ட்ரெய்டுக்கென்றே ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்த லென்ஸ் அது. எக்ஸ் போன்ற மிரர்லெஸ் கேமராக்களுக்கு அந்த எண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை. 2024-ல் டாம்ரான் புதிய 90 எம்எம் எஃப்/2.8 மேக்ரோவை வெளியிட்டது, ஆனால் சோனி இ மவுண்டுக்கும் நிக்கான் இசட் மவுண்டுக்கும் மட்டும். அது எக்ஸுக்கு வந்தாலும் 135 எம்எம் பார்வைதான் கிடைக்கும், நமக்கு வேண்டியது அதுவல்ல.

அதுவரை சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. 56 எம்எம் லென்ஸுக்குப் பின்னால் மின் கான்டாக்ட் உள்ள 16 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழல்) போட்டால் 16-ஐ 56-ஆல் வகுத்த 0.29, லென்ஸின் சொந்த 0.135, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 0.42 உருப்பெருக்கம். மோதிரத்துக்குப் போதும். ஆனால் ட்யூப் இருக்கும்வரை லென்ஸ் ஃபோகஸ் ஆவது சென்சாரிலிருந்து சுமார் 27 முதல் 32 செ.மீ. வரை மட்டுமே. கையை முடித்துவிட்டு முகத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் லென்ஸைக் கழற்றி, ட்யூபைக் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். மலிவான ட்யூபில் கான்டாக்ட் சரியாகப் படாவிட்டால் திரையில் அப்பெர்ச்சர் எஃப்0 என்று காட்டும், ஆட்டோஃபோகஸும் நின்றுவிடும். ரேனாக்ஸ் டிசிஆர்-150 போன்ற முன்னால் கவ்வும் லென்ஸ் இதைவிட வசதி. 4.8 டயாப்டர் சக்தி, 52 முதல் 67 மி.மீ. வரையிலான ஃபில்டர் திருகுகளில் பிடிக்கும், நொடியில் கழன்று வரும், ட்யூபைப் போல ஒளியைத் தின்னாது. மாட்டியிருக்கும்வரை சுமார் 21 செ.மீ.க்கு அப்பால் எதுவும் தெளியாது என்பது மட்டும் இதற்கும் உண்டு.

லாவோவா நிறுவனத்தின் 65 எம்எம் எஃப்/2.8 மேக்ரோ அருமையான லென்ஸ், 2 மடங்கு வரை போகும், ஆனால் முழுக்க மேனுவல். முகம் நிறைந்த 1:10-ல் எஃப்/2.8 வைத்தால் ஃபோகஸ் ஆழம் 12 மி.மீ. சுற்றுவட்டாரம். நின்றுகொண்டிருப்பவர் மூச்சு விட்டாலே அதைவிட அதிகம் அசைகிறார். மூன்று படத்தில் ஒன்றில் கண்ணுக்குப் பதில் காது விளிம்பு தெளிவாக இருக்கும். இதைப் பயன்படுத்துபவர்கள் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். அளவை முடிவுசெய்து வளையத்தை விட்டுவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்தபடி தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். கான்டாக்ட் இல்லாததால் மெனுவில் லென்ஸ் இல்லாமல் எடுக்கும் அனுமதியை ஆன் செய்து, குவிய தூரத்தை 65 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் பாடியின் ஸ்டெபிலைசர் தவறான கணக்கில் ஓடும்.

ஆகவே வேண்டுவது இதுதான்: 60 எம்எம், எஃப்/2, 1:2 வரை, உள்ளேயே நகரும் ஃபோகஸ், லீனியர் மோட்டார், 350 கிராமுக்குள். அப்பெர்ச்சர் இதழ்கள் 9-க்குக் குறையக் கூடாது, எஃப்/4 வரை வட்டம் கெடக் கூடாது. நெருக்கத்தில் எப்படியும் எஃப்/4-க்கு மேல்தான் போவோம், 1:2-ல் எஃப்/8 வைத்தால்கூட ஆழம் 2 மி.மீ.தான். நிறப்பிழையை அடக்கும் கண்ணாடிக்கு எவ்வளவு செலவானாலும் சரி. ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் இமை முடி ஊதாவாகவும் பின்னால் இருப்பது பச்சையாகவும் ஓரம் கட்டினால், அதை மென்பொருளில் துடைக்கும்போது முடியின் நிறமும் சேர்ந்து போகிறது. உலோகத்தின் மினுக்கில் இது இன்னும் மோசம்.

நிறுவனங்களுக்கு இதில் நஷ்டம் வர வாய்ப்பு குறைவு. சிக்மா 56 எம்எம்மின் ஒரே கண்ணாடி அமைப்பு இ, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், எல், எக்ஸ், இசட், கேனானின் ஆர்எஃப் என்று இத்தனை மவுண்டுகளில் விற்கிறது. எக்ஸின் ஃபிளாஞ்ச் தூரம் (மவுண்டிலிருந்து சென்சாருக்கு உள்ள இடைவெளி) 17.7 மி.மீ., இ 18, இசட் 16, ஆர்எஃப் 20. இருபதுக்கு இடம் விட்டு வடிவமைத்தால் மற்றவற்றுக்குப் பின்பகுதியின் நீளத்தை மாற்றினாலே போதும்.

எதையாவது குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டெபிலைசரை எடுத்துவிடலாம். நெருக்கத்தில் படத்தைக் கெடுப்பது கேமரா சாய்வதைவிடப் பக்கவாட்டில் நகர்வது. அதற்கு 1/250 நொடியோ ஃபிளாஷோதான் சரி. 1:1-ஐயும் விட்டுவிடலாம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஃபோகஸ் தேடும் தூரத்துக்கு வரம்பு வைக்கும் லிமிட்டர் சுவிட்சை மட்டும் விடக் கூடாது. 40 செ.மீ.யில் பிரியும் இரண்டு நிலைகள், ஒன்று முகத்துக்கு, ஒன்று மோதிரத்துக்கு. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் இடது கட்டைவிரலால் தட்டும் இடத்தில், கையுறை போட்டாலும் உணரும்படி மேடாக.