ஆரோவில் காட்டுப் பாதையில் ஆறு குதிரைகள்: ஏழாம் மாதக் குறிப்பு

வேலியிட்ட மணல் களத்திற்குள் ஏழு மாதங்கள் சுற்றிச் சுற்றி வந்த பிறகு, தை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, முதன்முறையாக ஒரு குழுவோடு காட்டுக்குள் குதிரையில் சென்று வந்தேன். புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவிலைச் சூழ்ந்திருக்கும் காட்டுக்குள் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம் அது. பயிற்றுநர் முன்னே சென்றார்; லாயத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அண்ணன் கடைசியில் வந்தார்; நடுவில் கற்றுக்கொள்பவர்கள் நான்கு பேர். டிராட் என்னும் துள்ளு நடையில் நன்றாகவும், அதைவிட வேகமான கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சலில் ஓரளவும் தேறிவிட்டிருந்ததால், காட்டில் வேகம்தான் எனக்குச் சோதனையாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். முன்குதிரைக்கும் என் குதிரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காப்பது அதைவிடக் கடினம் என்பது புறப்பட்ட அரை மணி நேரத்திற்குள் தெரிந்துவிட்டது.

நான் ஏறிய ராணி, சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும் பழக்கமுடையது. லாயத்தில் இறுக்கமாகத் தெரிந்த வார், நூறு அடி நடந்தவுடன் தளர்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் சரிவில் இறங்கினால் சேணம் பக்கவாட்டில் நழுவி ஆளைக் கீழே தள்ளிவிடும். எனவே வாயிலைத் தாண்டியதும் எல்லோரும் நின்று, வாரை இன்னும் ஒரு துளை ஏற்றிக்கொண்டோம். கடைசிக் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பின்னால் நெருங்கினால் உதைக்கும் குதிரை என்பதற்கு அது அடையாளம். அதற்குப் பின்னால் எவரும் வரக்கூடாது என்பதற்காகவே அதைக் கடைசியில் வைத்திருந்தார்கள்.

1968ஆம் ஆண்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேட்டுநிலம் பெரும்பாலும் வெறும் செம்மண்ணாகவே கிடந்தது. மழை பெய்தால் மண் ஓடைகளாக அறுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். வரப்பு போட்டு, தடுப்பணை கட்டி, மரம் வைத்து உண்டாக்கிய காட்டுக்குள்தான் நாங்கள் சென்றோம். முதலில் விரைவாக வளரக்கூடிய ஆஸ்திரேலிய வேலமர இனம் ஒன்றைப் பெருமளவில் நட்டார்கள். அங்குள்ளவர்கள் அதை ‘வொர்க் ட்ரீ’ என்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் அந்த மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அவை விட்டுச்சென்ற வெளிச்சத்தில் இந்த மண்ணுக்கே உரிய வீரை, காசா, வெப்பாலை போன்ற மரங்கள் எழுந்து வந்திருக்கின்றன. இந்த இனங்கள் முற்றிலும் அழியாமல் இருந்ததற்குக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ளதைப் போன்ற கோயிற்காடுகளே காரணம். மண்குதிரைகள் காவல் நிற்கும் தெய்வத்தின் காட்டிலிருந்து தப்பிப் பிழைத்த மர இனங்களுக்கு நடுவே உயிருள்ள குதிரையின் மேல் போகிறோம் என்ற எண்ணம் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

அந்த நிறைவில்தான் கவனம் சிதறியது. பாதை குறுகி, பழைய நீரோடை ஒன்றுக்குள் இறங்கிய இடத்தில் முன்னே சென்ற குதிரை தயங்கி நின்றது. ராணி நிற்காமல் நடந்து, தன் மூக்கை அதன் வாலருகே கொண்டுபோய்விட்டது. முன்குதிரையின் காதுகள் பின்னோக்கிப் படிந்ததை நான் பார்த்தேன், ஆனால் அதன் பொருளை மனம் எட்டுவதற்குள் பின்னங்கால் எழுந்துவிட்டது. உதை காற்றில் போயிற்று. ராணி பக்கவாட்டில் துள்ளியதில் என் இடது கால் அங்கவடியிலிருந்து கழன்றது. பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு சமாளித்தேன். முன்னே இருந்தது லாயத்திலேயே மிகச் சாதுவான குதிரை. தன் வாலுக்கு நேர் பின்னால் உள்ளதைக் குதிரையால் பார்க்க முடியாது; கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூச்சுக்காற்று பட்டால் சாதுவான குதிரையும் தற்காத்துக்கொள்ளத்தான் செய்யும். குற்றம் முழுவதும் என்னுடையது.

கடைசியில் வந்த அண்ணன் ஒரு வழி சொன்னார்: “சார், ராணியோட ரெண்டு காதுக்கு நடுவுல பாருங்க. முன்குதிரையோட பின்னங்குளம்பு தெரியணும். வாலு மட்டும்தான் தெரியுதுன்னா ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க.” அன்று கற்றவற்றுள் மிகப் பயனுள்ள பாடம் இதுவே. களத்தில் நான் லகானை ஒரேயடியாக இழுத்துப் பிடித்துத்தான் வேகத்தைக் குறைத்துவந்தேன். அப்படிப் பிடித்தால் ராணி கடிவாளத்தின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் விரைவாக நடக்கும். இப்போது குளம்பு மறையத் தொடங்கியவுடனேயே, முதுகை நிமிர்த்தி, இருக்கையில் ஆழமாக அமர்ந்து, விரல்களை மூடித் திறந்து, மூடித் திறந்து, அதன் நடையைச் சுருக்கிப் பார்த்தேன். பத்து முறை முயன்றதில் ஏழு முறையாவது கேட்டது.

தாழ்ந்த கிளைகள் வந்த இடங்களில் பின்னால் வருபவருக்குக் குரல் கொடுத்துவிட்டு, குதிரையின் கழுத்தோடு குனிந்து சென்றோம். கிளையைக் கையால் தள்ளிவிட்டுப் போகக்கூடாது. அது திரும்பி வந்து அடுத்தவரின் முகத்தில் அறையும். மண் பாதை அகன்ற ஓரிடத்தில் சிறிது தூரம் டிராட் போனோம். சருகு மெத்தையின் மேல் ஆறு குதிரைகளின் குளம்போசை, அடுத்த வீட்டில் நெல் குத்துவதைப் போல மெத்தென்று கேட்டது.

திரும்பும் வழியில் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பயிற்றுநர் வேண்டுமென்றே நடையிலேயே முடித்தார். லாயத்தின் பக்கம் முகம் திரும்பியதும் எல்லாக் குதிரைகளுக்கும் அவசரம் வந்துவிடும். ஒரு நாள் ஓட விட்டால் அதுவே வழக்கமாகிவிடும் என்றார். இடைவெளியைக் காப்பதற்கு அந்த ஒரு கிலோமீட்டர்தான் மிகக் கடினமாக இருந்தது, ஆயினும் ஒருமுறைகூட ராணி முன்குதிரையை முட்டவில்லை.

சேணத்தை இறக்கியபோது ராணியின் முதுகில் வேர்வைத் தடம் பதிந்திருந்தது. வலப்பக்கம் முழுவதும் ஈரமாக இருக்க, இடப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு மட்டும் உலர்ந்திருந்தது. அந்த இடத்தில் அழுத்தம் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று பயிற்றுநர் விளக்கினார். சேணத்தின் அடித்திண்டு அங்கே கட்டிபட்டிருக்கலாம், அல்லது நான் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். திண்டை அவர் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் வரும் நான்கு வாரங்கள் அங்கவடி இல்லாமல் களத்தில் நடை பழகிவிட்டு, அதே பாதையில் மீண்டும் சென்று அந்தத் திட்டைப் பார்க்கப்போகிறேன்.