துணைவேந்தரின் பன்னிரண்டு நிமிடங்கள்

பட்டமளிப்பு விழா தொடங்கியதாக வேந்தர் அறிவித்ததும் துணைவேந்தர் எழுந்து வரவேற்புரையோடு ஆண்டறிக்கையையும் படிப்பார். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பத்து நிமிடம் கிடைக்கும், தாராளமாக இருந்தால் பதினைந்து. ஆளுநர் மாளிகைக்குப் போகும் நிமிடவாரி நிகழ்ச்சி நிரலில் நேரம் ஏறிவிட்டால் அதன் பிறகு பேரம் கிடையாது. மேடையில் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் படித்தால் பின்வரிசைக்கு ஒன்றும் பிடிபடாது. பன்னிரண்டு நிமிடம் என்றால் 1,200 சொல். "மாண்பமை வேந்தர் அவர்களே, மாண்புமிகு இணைவேந்தர் அவர்களே" என்று தொடங்கி ஆட்சிக்குழு, கல்விக்குழு, பெற்றோர் வரை விளித்து முடிக்கவே நூற்றைம்பது போய்விடும். மிச்சமிருக்கும் ஆயிரம் சொல்லில்தான் ஓராண்டு வேலை முழுவதும் அடங்க வேண்டும்.

இந்த அறிக்கையைப் பதிவாளர் அலுவலகத்தில் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் மேடையை நினைத்தே எழுதுகிறார்கள். மேடையில் இருப்பவர்களுக்கோ அதில் எந்த எண்ணையும் சரிபார்க்க வழியில்லை. அவர்களுக்கு மதியம் வேறு ஊரில் வேறு விழா. அரங்கில் இருப்பவர்கள்தான் உள்விவரம் தெரிந்தவர்கள். எந்த ஆய்வகத்தில் கருவி வந்து பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, எந்த நிறுவனம் வேலை ஆணை கொடுத்துவிட்டுக் கூப்பிடவே இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தலையாட்டும்படி எழுதுவதுதான் கடினம்.

வேலை இரண்டு மாதம் முன்பே சுற்றறிக்கையோடு தொடங்க வேண்டும். "தங்கள் துறையின் சாதனைகளை அனுப்புக" என்று மட்டும் கேட்டால் "பல்வேறு கருத்தரங்குகள் சிறப்பாக நடத்தப்பட்டன" என்றுதான் பதில் வரும். படிவமாகக் கொடுக்க வேண்டும்: என்ன நடந்தது, எந்தத் தேதி, அடையாள எண் (கட்டுரை என்றால் டிஓஐ என்னும் மின்னணு அடையாள எண், காப்புரிமை என்றால் விண்ணப்ப எண், மாணவர் என்றால் பதிவெண்), சான்று ஆவணம், விவரத்துக்குப் பொறுப்பான ஒருவர் பெயர். அடையாள எண் இல்லாத வரியை அறிக்கையில் சேர்ப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சச்சரவு குறையும். வருகிற கோப்புகளில் சில வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், சில ஸ்கேன் எடுத்த படமாக இருக்கும். யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் 2010-லேயே அரசு தமிழ் எழுத்துக் குறியாக்கத்துக்குத் தரமாக அறிவித்துவிட்டது. துறை அலுவலகக் கணினிகளுக்குத்தான் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மாற்றியில் போட்டு எடுக்கும்போது கிரந்த எழுத்தும் ஒற்றைக்கொம்பும் இடம் மாறும். மாற்றியதும் முதலில் ஆட்களின் பெயர்களை ஒப்பிட வேண்டும். பத்தி பிசகினால் யாரும் கேட்கமாட்டார்கள், பெயர் பிசகினால் அன்றைக்கே போன் வரும்.

அடுத்த தொல்லை ஆண்டு. கல்வியாண்டு ஜூனில் தொடங்கும், நிதியாண்டு ஏப்ரலில். ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுவது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டில். "கடந்த ஆண்டில் இத்தனை கட்டுரைகள், இத்தனை கோடி நிதி, இத்தனை மாணவர் சேர்க்கை" என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால் மூன்று வெவ்வேறு ஆண்டுகளை ஒட்டவைத்திருக்கிறோம் என்று பொருள். கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கு அனுப்பும் ஆண்டுத் தர அறிக்கையில் ஒரு எண், தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் தளத்தில் ஏற்றிய தரவில் வேறு எண், பட்டமளிப்பு உரையில் மூன்றாவது எண் என்று நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். இவற்றில் யாரும் பொய் எழுதியிருக்கத் தேவையில்லை. ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் மூன்றையும் கேட்டு வாங்கி அடுக்கி வைத்தால், முப்பது நாளுக்குள் பதில் எழுதும் பொதுத் தகவல் அலுவலர் படும் பாடு வேறு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை" என்று வரைவிலாவது எழுதி வைப்பது நல்லது.

காப்புரிமையில்தான் அதிகம் வழுக்கும். விண்ணப்பித்தல், வெளியிடப்படுதல், வழங்கப்படுதல் என்று மூன்று கட்டம். விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் விண்ணப்பம் தானாகவே காப்புரிமை இதழில் வெளியாகும். முன்கூட்டியே வெளியிடக் கேட்கும் படிவம் 9-ஐக் கட்டணத்தோடு கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே, ஒரு வெள்ளிக்கிழமை இதழில் வந்துவிடும். இந்த வெளியீட்டுக்கு முன் யாரும் கண்டுபிடிப்பை ஆராய்ந்து பார்ப்பதில்லை. படிவம் 18-இல் தேர்வாய்வு கேட்டு, முதல் ஆய்வறிக்கை வந்து, ஆட்சேபங்களுக்கு விடையளித்து, அதற்குப் பிறகுதான் வழங்கல். "நம் பல்கலைக்கழகம் இந்த ஆண்டு 60 காப்புரிமைகளைப் பெற்றுள்ளது" என்று வரைவு வந்தால் விண்ணப்ப எண்களைக் கேட்டுக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கணிசமானவை வெளியீட்டுக் கட்டத்தில்தான் நிற்கும். சில, வடிவமைப்புப் பதிவு என்ற வேறு சட்டத்தின் கீழ் வருபவை. அவை காப்புரிமையே ஆகா. வழங்கப்பட்டவை நான்கு என்றால் நான்கு என்றே படிக்கலாம். அந்த நான்கில் ஒன்று என்ன செய்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் அறுபதைவிட நன்றாக நிற்கும். அந்த ஆய்வு மாணவரின் அம்மா அரங்கில் உட்கார்ந்திருக்கலாம்; மகன் செய்தது என்னவென்று அவருக்கும் அப்போதுதான் விளங்கும்.

கட்டுரை எண்ணிக்கையில் வழக்கமான பிழை, இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரையை இரண்டு துறையும் அனுப்புவது. டிஓஐ-யை வைத்து இரட்டிப்பை நீக்கினால் சரியாகிவிடும். இணையத்தில் டிசம்பரில் முன்வெளியீடாக வந்து, இதழில் மார்ச்சில் வந்த கட்டுரை இரண்டு ஆண்டிலும் தலைகாட்டும். இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். "உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலில் இரண்டு அட்டவணைகள் உண்டு, வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஆண்டுக்கு ஒன்று. இரண்டையும் கூட்டி ஒருவரையே இருவராக்கிவிடும் துறைகள் இருக்கின்றன. மேலும் அது மேற்கோள் கணக்கிலிருந்து எடுத்த பட்டியல். யாரும் கொடுத்த விருது அன்று.

வேலைவாய்ப்புக் கோப்பை நெருங்கிப் பார்ப்பது நல்லது. வேலைவாய்ப்புப் பிரிவு அனுப்பும் எக்செல் தாளில் ஒரு வரி என்பது ஒரு வேலை ஆணை. நன்றாகப் படிக்கிற கணினித் துறை மாணவி மூன்று நிறுவனங்களில் தேறியிருந்தால் மூன்று வரி. உதாரணத்துக்கு 600 வரி இருக்கிறது என்று வையுங்கள். பதிவெண் நெடுவரிசையில் இரட்டிப்பை நீக்கினால் 410 பேர் நிற்கலாம். பதிவெண்ணுக்கு முன்னால் ஒரு வெற்றிடம் தட்டியிருந்தால் எக்செல் அதை வேறு ஆளாக எடுத்துக்கொள்ளும், அதையும் கழுவ வேண்டும். அடுத்த கேள்வி வகுக்கும் எண். வேலைக்குப் பதிவு செய்தவர்களால் வகுத்தால் 90 சதவீதம் காட்டலாம், தேர்ச்சி பெற்ற எல்லாராலும் வகுத்தால் பாதியாகலாம். மேற்படிப்புக்குப் போனவர்களைத் தனியே சொல்வதுதான் முறை. சம்பளத்தில் உச்சத்தைச் சொல்வதைத் தவிர்க்கலாம். என்ஐஆர்எஃப் கேட்பது இடைநிலைச் சம்பளம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிறவர் வாங்குவது. ஒருவர் 30 லட்சம் வாங்கி மற்றவர்கள் மூன்றரை லட்சம் வாங்கும் துறையில் உச்சத்தைப் படித்தால் அரங்கில் எழும் முணுமுணுப்பு மேடைக்கே கேட்கும்.

நிதியில் ஒப்பளிப்பு, அதாவது அனுமதித்த தொகை, வேறு, வந்த பணம் வேறு. மூன்றாண்டுத் திட்டத்தின் முழுத் தொகையை மூன்று ஆண்டும் படிக்கிற வழக்கம் உண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன்கீழ் ஒரு மாணவராவது போய்வந்தாரா என்று கேட்டு, இல்லை என்றால் விட்டுவிடலாம். மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுக்கு 28.4 என்ற 2021-22 கணக்கைப் பல உரைகளில் கேட்கலாம். தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டு வேலையில் அதை எப்படிச் சேர்ப்பது?

இவ்வளவையும் வடிகட்டியபின் பக்கம் காலியாகிவிடுமோ என்ற பயம் வரும். வராது. வளாகத்தில் நடந்தும் படிவத்தில் கட்டம் இல்லாததால் ஏறாத வேலைகள் நிறைய. தேர்வாணையர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியது, அதே மாதம் 17, 18 தேதிகளில் பெருமழை தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் மூழ்கடித்தது. இரண்டும் பருவத் தேர்வுக் காலம். தேர்வைத் தள்ளிவைப்பதாக அறிவிக்க ஒரு வரி போதும். அதற்குப் பின்னால் மையங்களுக்குப் போன வினாத்தாள் கட்டுகளின் முத்திரையைச் சரிபார்த்துப் பாதுகாப்பறையில் வைக்க வேண்டும், அறைக் கண்காணிப்பாளர்களை மறுபடி நியமிக்க வேண்டும், மைய மதிப்பீட்டு முகாமுக்குத் தேதி மாற்ற வேண்டும், விடைத்தாள் யாருடையது என்று தெரியாதபடி டம்மி எண் இடும் வேலையை இரவுக்கும் நீட்ட வேண்டும். கடைசித் தேர்வுக்கும் முடிவு வெளியீட்டுக்கும் இடையே எத்தனை நாள் என்ற எண்ணை அறிக்கையில் சேர்த்தால் அரங்கில் எல்லாராலும் அதைச் சரிபார்க்க முடியும். மேற்படிப்பில் சேரக் காத்திருந்த மாணவருக்கு அதுதான் அந்த ஆண்டின் பெரிய செய்தி.

முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். வருவாய்த் துறை தரும் சான்றிதழை வைத்து எண்ணினால் குறைந்தே வரும். அந்தச் சான்றிதழ் பெரிதும் தொழிற்படிப்பின் கலந்தாய்வுச் சேர்க்கையில் கட்டணச் சலுகைக்கானது. கலை அறிவியல் படிக்கிறவர்களில் பலர் அதை வாங்குவதே இல்லை. அண்ணன் பட்டதாரியாகிவிட்டால் தங்கைக்கு அது கிடைக்காது, பெற்றோர் பள்ளிக்கே போகாதவர்களாக இருந்தாலும். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் கல்வித்தகுதி என்ற கட்டம் இருக்கும். அதிலிருந்து எடுப்பதே சரியான வழி. கட்டம் நிரப்பாத படிவங்களைத் தனியே காட்டிவிட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுவோரின் கணக்கும் கல்லூரிகளிடம் இருக்கும். முன்னது 2022-லும் பின்னது 2024-லும் தொடங்கியவை என்பதால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுபவர் இதை மறக்கக் கூடாது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு தன்னார்வலருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். இத்தனை ஆயிரம் மரக்கன்று நட்டோம் என்பதற்குப் பதில் போன ஆண்டு நட்டதில் இந்தச் சித்திரை வெயில் தாண்டி எத்தனை நிற்கிறது என்று எண்ணச் சொல்லலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட்டுக் கூண்டு போட்டவை பிழைக்கும், உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-இல் புகைப்படத்துக்காக நட்டவை பெரும்பாலும் ஆட்டுக்குப் போகும். எண் சின்னதாகும், பரவாயில்லை. தண்ணீர் ஊற்றிய தோட்டப் பணியாளருக்கு அந்த வரியில் பங்கு உண்டு.

ஊழியர்களுக்கு நன்றி சொல்லும் பத்தி கடைசியில் வரும், நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படும். "ஆசிரியர், அலுவலர், பணியாளர் அனைவருக்கும் நன்றி" என்பது யாருக்கும் போய்ச் சேராத நன்றி. வெளி முகமையின் ஒப்பந்தத்தில் இருக்கும் தூய்மைப் பணியாளர், காவலர், விடுதிச் சமையலர் ஆகியோர் பல்கலைக்கழக ஊழியர் பட்டியலிலேயே இருக்கமாட்டார்கள். அவர்களைத் தனியே கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். செய்ததைச் சொன்னால் போதும்: மழையில் மின்சாரம் இல்லாத நாட்களில் எந்த விடுதியில் எத்தனை பேருக்கு எத்தனை வேளை சமைத்தார்கள் என்று ஒரு வரி. பெயர் படிப்பதானால் அவர்கள் அரங்கில் இருக்க வேண்டும். விழா நாளில் அவர்கள் உணவுக்கூடத்தில் வேலையாக இருப்பார்கள் என்பதால் அழைப்பிதழையும் அரைமணி நேர மாற்றாளையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தால்தான் நடக்கும். முகமை அன்றைய கூலியைப் பிடித்துவிடாமல் கடிதமும் கொடுத்துவிட வேண்டும்.

படிக்கும் பிரதி தனி வேலை. 18 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, தாளின் ஒரு பக்கம் மட்டும். வாக்கியம் இரண்டு பக்கங்களுக்கு நடுவே முறியக் கூடாது. முறிந்தால் தாள் புரட்டும் நேரத்தில் கைதட்டல் தவறான இடத்தில் விழும். ஸ்டேப்ளர் போடாமல், பக்க எண் பெரிதாக, கோப்பில் வைக்க வேண்டும். 1,47,832 என்று இலக்கத்தில் வைத்தால் மேடை வெளிச்சத்தில் நாக்கு தடுமாறும். "ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு" என்று படிக்கக் கொடுத்து, துல்லிய எண்ணை அச்சிட்ட அறிக்கையில் விடலாம். நேரில் பட்டம் பெறுவோர், நேரில் வராமல் பெறுவோர் என்ற பிரிவு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கை அன்று காலை தேர்வாணையர் மறுபடி உறுதி செய்வார், நேற்றுவரை இருந்த எண் நிச்சயம் மாறியிருக்கும். அதற்காக அந்த இடத்தில் பென்சிலால் எழுத இடம் விட்டு அச்சடிப்பது வழக்கம்.

விழாவுக்கு முந்திய நாள் "எங்கள் துறையை விட்டுவிட்டீர்களே" என்று துறைத் தலைவர்கள் வருவார்கள். வாய்விட்டுப் படிப்பது ஆயிரம் சொல். அச்சிட்ட அறிக்கைக்கு அந்த வரம்பு இல்லை. அடையாள எண்ணோடு வந்த எல்லாமே அதில் துறைவாரியாக இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் பெரும்பாலோர் சமாதானமாகிவிடுவார்கள். எண்ணே கொடுக்காதவர்களிடம் அவர்கள் அனுப்பிய படிவத்தைக் காட்டலாம். விழா முடிந்ததும் படித்த பிரதி, அச்சிட்ட அறிக்கை, சான்றுகள் மூன்றும் ஒரே கோப்பில் போய்விட வேண்டும். சில மாதத்தில் உள்தர உறுதிக் குழுவினர் இதே விவரத்தை வேறு படிவத்தில் கேட்பார்கள். அப்போது துறைகளுக்கு மறுபடி சுற்றறிக்கை போட வேண்டியதில்லை.