பாட்டு எப்போது நிற்கிறது?

"பாட்டு விட்டு விட்டு வருதுண்ணா." பைக்கில் ஸ்பீக்கர் மாட்டியவர்கள் என் கடைக்கு வந்ததும் சொல்வது இதுதான். நான் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எப்ப நிக்குது?" வளைவில் திரும்பும்போதா, சத்தத்தைக் கூட்டும்போதா, மழை பெய்த மறுநாளா, அரை மணி நேரம் வெயிலில் ஓடின பிறகா? இதற்குப் பதில் கிடைக்கும்வரை நான் சீட்டைக் கழற்றுவதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டூவீலர் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். சுத்தமாகப் பாடாத செட்டைச் சரிசெய்வது பெரிய விஷயமில்லை. ஃபியூஸ் போயிருக்கும், இல்லையென்றால் ஒயர் அறுந்திருக்கும். விட்டு விட்டுப் பாடுவதுதான் ஆளைச் சோதிக்கும். கடை வாசலில் நிறுத்தி மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். ஒயர்களை இணைக்கிற கப்ளரில் பார்த்தாலும் 12.6, சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஆம்பிளிஃபையர், அதாவது ஆம்ப், அதன் வாயில் பார்த்தாலும் 12.6. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பினால், மறுநாள் அதே ஆள் அதே புகாரோடு வந்து நிற்பார்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். கரண்ட் ஓடாதபோது பார்க்கிற வோல்டேஜை நம்பாதே. ஒயருக்குள் இருக்கிற அத்தனை இழையும் அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற கரண்ட் அவ்வளவு குறைவு. ஆம்ப் 5, 6 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த இழையின் லட்சணம் தெரியும்.

போன வருஷம் ஒரு மீன்காரர் வந்தார். விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து, எக்ஸ்எல் வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் பக்கத்து கிராமங்களுக்குப் போகிறவர். ஒரு சின்ன ஆம்ப், ஹாரன் ஸ்பீக்கர், அதற்குத் தனியாக 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி. ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்வார். பென்டிரைவில் அவர் குரலே பதிவாகியிருக்கிறது: "மீனேய்... சங்கரா, நெத்திலி, கவலை..."

"மேடு பள்ளத்துல போனா நின்னுடுது தம்பி. புது பேட்டரி வாங்கிப் போட்டும் அப்படியேதான் இருக்கு" என்றார். வேறொரு கடையில் ஆம்பையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அது ஒரு நாள் வியாபாரத்துக்கு மேல். குரல் கேட்காவிட்டால் தெருவில் யாரும் வெளியே வர மாட்டார்கள், வண்டி போய்விட்ட பிறகு வந்து பார்ப்பார்கள். ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும்.

வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அவர் தெருவில் வைக்கிற அதே சத்தத்தில் பாடவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டேன். நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. வண்டி அசையவே இல்லை. கவனித்தபோது ஒவ்வொரு முறையும் "மீனேய்" என்று அவர் இழுத்துக் கூவுகிற இடத்தில்தான் நின்றது. சங்கராவும் நெத்திலியும் தடையில்லாமல் வந்தன. "அண்ணே, பள்ளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க சத்தமா கூவுற இடத்துல ஆம்ப் கரண்ட் கேக்குது, அது கிடைக்கல" என்றேன்.

இங்கேதான் பழைய முள் மீட்டர் கைகொடுக்கும். டிஜிட்டல் மீட்டரில் எண் மாறி முடிப்பதற்குள் கூவல் முடிந்துவிடும். முள் என்றால் அந்த நொடியே துள்ளும். முதலில் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வைத்தேன். கூவும்போதும் 12.3-க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியானால் பேட்டரி மேல் குற்றமில்லை. அப்புறம் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், இன்னொரு முனையை ஆம்பின் நெகட்டிவிலும் வைத்தேன். அமைதியாக இருக்கும்போது முள் அசையவில்லை. "மீனேய்" என்றதும் 2 வோல்ட்டைத் தாண்டிக் குதித்தது. அந்த வழியில் இவ்வளவு காணாமல் போனால் ஆம்புக்குப் போய்ச் சேருவது 10 வோல்ட்தான். சின்ன ஆம்புகள் பலவும் அந்த அளவை ஒட்டி வந்தால் தானே அணைந்துகொள்ளும். சத்தம் நின்றதும் கரண்ட் குறையும், வோல்டேஜ் ஏறும், திரும்பப் பாடும்.

கணக்கு எளிது. கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிப் போகிற எர்த் இணைப்பில் 0.4 ஓம் தடை இருந்தால், 6 ஆம்பியர் ஓடும்போது 2.4 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.4 ஓமைச் சாதாரண மீட்டரில் ஓம் வைத்துத் தேடினால் பிடிபடாது. மீட்டர் ஒயர்களே 0.2, 0.3 காட்டும்.

எர்த் எங்கே போகிறது என்று பார்த்தால், கேரியர் இரும்பில் ஒரு போல்ட்டில் பிடித்திருந்தது. நேர் மேலே ஐஸ் பெட்டியின் ஓட்டை. மீன் கழுவின உப்புத் தண்ணீர் தினமும் சொட்டுச் சொட்டாக அந்த போல்ட் மேல் விழுந்திருக்கிறது. போல்ட் முழுக்கத் துரு, ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கிவிட்டால் அன்றைக்குப் பாடும். ஆனால் ஒயரைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன், உள்ளே செம்பு கறுத்திருந்தது. உப்புத் தண்ணீர் பிளாஸ்டிக் உறைக்குள் இழைகள் வழியாக மேலே ஏறும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். செம்பு பளிச்சென்று தெரிகிற இடம்வரை வெட்டிக்கொண்டே போனேன், ஒரு சாணுக்கு மேல் போக வேண்டியிருந்தது. கடைசியில் இரும்பே வேண்டாம் என்று, ஆம்பின் நெகட்டிவிலிருந்து பேட்டரிக்குத் தனி ஒயர் நேராக இழுத்துவிட்டேன். டெர்மினலில் வாஸ்லின் பூசி, ஐஸ் பெட்டி ஓட்டைக்கு ஒரு டியூப் மாட்டித் தண்ணீர் தரையில் விழும்படி செய்தேன். ஆம்ப் பழையதேதான். அவர் வாங்கின புது பேட்டரிக்காகத்தான் எனக்கு மனது கஷ்டமாக இருந்தது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்தக் களிம்புதான் எனக்குப் பாதி வேலையைக் கொண்டுவருகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, ஆற்றங்கரைப் பகுதிகளில் வண்டிகள் முங்கின. உடனே வந்தவர்களைவிட, மாதங்கள் கழித்து "திடீர்னு நிக்குது" என்று வந்தவர்கள் அதிகம். கப்ளரைப் பிரித்தால் பின் எல்லாம் பச்சை.

புல்லட்டில் ஹேண்டில் பாரில் ஸ்பீக்கர் மாட்டுகிற பையன்களின் பிரச்சினை வேறு. இடதுபக்கம் முழுதாகத் திருப்பினால் நிற்கும், நேராக்கினால் பாடும். ஹேண்டில் கழுத்துப் பக்கம் ஒயரை இறுக்கி டேக் போட்டிருப்பார்கள். திரும்பத் திரும்ப மடிந்து, உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். அந்த இடத்தில் விரலால் அழுத்தினால் தொளதொளவென்று தெரியும். சில சமயம் உறை கிழிந்து ஸ்பீக்கர் ஒயர் ஃபிரேமில் உரசும். இப்போதைய ஆம்புகள் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் உயிருள்ளவை, ஒன்றும் எர்த் இல்லை. எது உரசினாலும் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

சிக்னலில் மட்டும் நிற்கிறது என்றால் சார்ஜிங்கைப் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. 55 வாட் பல்ப் மட்டுமே நாலரை ஆம்பியர் எடுக்கும். ஐடிலில் வண்டி உண்டாக்குகிற கரண்டில் அது போக மிச்சம் கொஞ்சம்தான். வெயிலில் ஓடி நிற்பது ஆம்பின் சூடு, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். போனைப் பின் பாக்கெட்டில் வைத்தால் மட்டும் நிற்பது புளூடூத். உடம்பு அந்த அலையை உறிஞ்சிவிடும், முன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஒரு நொடி நிற்பது கோளாறே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் வளைந்துகொடுப்பதில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது, 30 போட்டுக்கொடுங்கண்ணா என்பார்கள். ஒயர் தாங்குகிற அளவுக்குத்தான் ஃபியூஸ், அதற்கு மேல் போட்டால் ஒயரே ஃபியூஸாகி உருகும். ஏன் போகிறது என்று தேடித் தருகிறேன், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்பேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு, போகட்டும். பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிற ஒயர் அது.