நடு எண்ணைத் தேடிய இரவு

நேற்று இரவு, இடைநிலை அளவைக் (மீடியன்) கணக்கிடும் சிறிய சி மொழி நிரல் ஒன்றோடு மல்லுக்கட்டினேன். எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் நடு உறுப்பு. இரட்டைப்படை என்றால் நடுவில் உள்ள இரண்டின் சராசரி. பள்ளிக்கூடக் கணக்குதான். அதற்காக எல்லாவற்றையும் வரிசைப்படுத்துவானேன் என்று, முழுதாக வரிசைப்படுத்தாமலே வேண்டிய இடத்து எண்ணைக் கண்டுபிடிக்கும், டோனி ஹோர் 1961-இல் வெளியிட்ட குயிக்செலக்ட் முறையை எடுத்தேன். அங்கேதான் வந்தது வினை.

வலப்புறத்திலிருந்து இடப்புறமாக நகரும் பாயிண்டர் (நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் மாறி), எண்களை அடுத்தடுத்து வைத்திருக்கும் அணியின் முதல் உறுப்புக்கும் முன்னால் நழுவிப் போயிருந்தது. கடைசி உறுப்பை அடுத்த இடத்தைச் சுட்டலாம், அங்கிருந்து படிக்கத்தான் கூடாது என்கிறது சி மொழி. முதல் உறுப்புக்கு முந்தைய இடத்தைச் சுட்டுவதே வரையறுக்கப்படாத செயல்; அதாவது, என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உறுதியும் தராது. ஓரவஞ்சனைதான், வேறென்ன சொல்ல!

சரி, பாயிண்டர் எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதித்துவிடலாம் என நினைத்தேன். அதுவும் பொறி. ஒரே அணிக்குள் இருக்கும் பாயிண்டர்களை மட்டுமே சிறியது, பெரியது என்று ஒப்பிடலாம். வெளியே போனதா என்று கேட்க, அது உள்ளே இருந்தாக வேண்டும்!

கடைசியில் பாயிண்டர்களைத் தூக்கிவிட்டு, குறியற்ற (எதிர்மதிப்பே இல்லாத) முழு எண்களால் இடங்களைக் குறித்தேன். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் அது மிகப் பெரிய எண்ணாகச் சுற்றிக்கொள்ளும். நீளத்தைவிடச் சிறியதா என்ற ஒரே கேள்வியில் இரண்டு எல்லைகளும் பிடிபட்டுவிடுகின்றன.